மூணு பழைய படமும் ஒரு காலியான ஊரும்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ராத்திரி பதினோரு மணி கால், சனிக்கிழமை ரிலீஸ், ஞாயித்துக்கிழமை அந்த ரிலீஸைத் திரும்ப வாபஸ் வாங்கற வேலைன்னு ஓடிட்டு இருந்துச்சு. அதுக்கு நடுவுல ஊர்லேர்ந்து தாத்தாவைக் கூட்டிட்டு வந்தோம். கண் புரை ஆபரேஷன். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, கண்ணு தெளிஞ்சதும் மனுஷன் கேட்ட முதல் கேள்வி, "டேய், இந்தப் பெரிய டிவியில பழைய படமெல்லாம் வருமா?"

வராம என்ன? யூடியூப் இருக்கே.

அப்படி மூணு வாரத்துல மூணு படம் பார்த்தோம். ஹரிதாஸ் (1944), நாம் இருவர் (1947), அந்த நாள் (1954). மூணையும் பத்தி ஆளுக்கு ரெண்டு பாரா எழுதிட்டு, "பாக்கலாம், பாக்க வேண்டாம்"னு மார்க் போட்டுட்டுப் போயிடலாம்னுதான் நெனச்சேன். ஆனா மூணாவது படம் பார்க்கும்போது தாத்தா சொன்ன ஒரு விஷயத்துல கதையே வேற பக்கம் திரும்பிடுச்சு. அதனால இது பாதி சினிமா, பாதி சரித்திரம். கொஞ்சம் நீளம். டீ, காபி எதுவா இருந்தாலும் எடுத்து வெச்சுக்கங்க.

ஹரிதாஸ்: ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருச்சே!

ஹரிதாஸ் பத்தி நம்ம எல்லாருக்கும் ஒரு வரி தெரியும். "மூணு தீபாவளி கண்ட படம்." 1944 தீபாவளிக்கு மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல போட்டாங்க, 1946 தீபாவளி வரைக்கும் தூக்கலை. இந்த வரியைக் கேட்டுக் கேட்டு, படம் நாலு மணி நேரம் இருக்கும், அம்பது பாட்டு இருக்கும்னு ஒரு பயத்தோடதான் உக்காந்தேன்.

அப்படி இல்லைங்க. ரெண்டு மணி நேரம்தான். சுந்தர் ராவ் நட்கர்ணி டைரக்ஷன். பணக்கார வீட்டுப் பையன் ஹரிதாஸா எம்.கே. தியாகராஜ பாகவதர். பெத்தவங்களை மதிக்காம, டி.ஆர். ராஜகுமாரி பின்னாடி போய், சொத்தைத் தொலைச்சு, காலையும் இழந்து, கடைசியில திருந்தி அப்பா அம்மாவுக்கே பணிவிடை செய்யற கதை. சாட்சாத் பகவானே வாசல்ல வந்து நின்னாலும், "இருங்க, அப்பா அம்மாவைக் கவனிச்சுட்டு வர்றேன்"னு நிக்க ஒரு செங்கல்லைத் தூக்கிப் போடுவார். பண்டரிபுரம் புண்டலீகன் கதைதான்.

என் கருத்து: பாகவதர் நடிப்பைப் பத்திப் பேச ஒண்ணும் இல்லை. பேசும்போது வசனத்தை ஒப்பிக்கிற மாதிரிதான் இருக்கு. வாயைத் திறந்து பாட ஆரம்பிச்சதும் அந்தக் குறையெல்லாம் மறந்துடுது. என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் வர்ற இடமெல்லாம் இன்னிக்கும் சிரிக்க வைக்குது. ராஜகுமாரி ஒரு பார்வை பார்க்கறாங்க பாருங்க, 90 வயசு தாத்தாவே நிமிர்ந்து உக்காந்தார். :-)

சரி, படம் ஏன் இவ்வளவு கச்சிதமா இருக்கு? நான் இதை டைரக்டரோட சாமர்த்தியம்னு நெனச்சேன். தேடிப் பார்த்தா காரணம் ஹிட்லரும் ஜப்பானும்!

ரெண்டாம் உலகப் போர் சமயம். படம் பிடிக்கிற பிலிம் சுருள் எதுவும் நம்ம நாட்டுல தயாராகலை. எல்லாம் கப்பல்ல வரணும். கப்பல் எல்லாம் போருக்குப் போயிருச்சு. அதனால 1942ல அரசாங்கம் ஒரு கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு: ஒரு படம் 11,000 அடிக்கு மேல இருக்கக் கூடாது. அடுத்து சுருள் வாங்கவே லைசென்ஸ்னு ஆச்சு. ஒரு நிமிஷத்துக்கு 90 அடி பிலிம் ஓடும். 11,000த்தை 90ஆல வகுத்துப் பாருங்க. 122 நிமிஷம் சொச்சம். அதுக்கு முன்னாடி மூணு மணி நேரம், மூணரை மணி நேரம்னு நம்ம ஆளுங்க எடுத்துத் தள்ளிட்டு இருந்தவங்கதான். மெமரி லிமிட் போட்டதும் கோடு தானா சுருங்குது இல்லையா, அதே கதை.

சுருள் இல்லாததால வெளிவர்ற படங்களோட எண்ணிக்கையும் குறைஞ்சு போச்சு. புதுப் படம் வந்து இடிச்சாத்தானே பழைய படத்தைத் தூக்குவாங்க? மூணு தீபாவளிக்குப் பாகவதர் குரல் பெரிய காரணம்தான். ஆனா சுருள் பஞ்சத்துக்கும் அதுல ஒரு பங்கு இருக்கணும்ங்கறது என் கணக்கு.

இன்னொரு சோகமும் இதுல ஒட்டிட்டு இருக்கு. படம் வந்து ஒரு மாசம்கூட ஆகலை, 1944 நவம்பர்ல பத்திரிகை நடத்திட்டு இருந்த லட்சுமிகாந்தனைக் கத்தியால குத்தினாங்க. மறுநாள் அவர் இறந்துட்டார். டிசம்பர்ல பாகவதரும் என்.எஸ்.கே.யும் கைது. 1945ல தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், வழக்கு திரும்ப மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு வந்து, 1947ல ரெண்டு பேரும் வெளிய வந்தாங்க. அதாவது பிராட்வே தியேட்டர்ல பாகவதரைப் பார்க்கக் கூட்டம் முண்டியடிச்சப்ப, நிஜப் பாகவதர் ஜெயில்ல இருந்தார். வெளிய வந்த பிறகு அந்தப் பழைய வாழ்வு திரும்பலை. 1959ல போய்ச் சேர்ந்துட்டார்.

இதெல்லாம் நமக்குக் கொஞ்சம் தெரிஞ்ச கதைதான். எனக்கு உறுத்தினது வேற. படம் முழுக்க எங்கயும் போர் இல்லை. வெளியில அரிசிக்கு ரேஷன், ராத்திரி விளக்கு தெரியக் கூடாதுன்னு கட்டுப்பாடு, பர்மாவுலேர்ந்து நடந்தே வந்து சேர்ந்த ஜனங்க. உள்ள பண்டரிபுரம், பாட்டு, பகவான். தப்பா சொல்லலை. அன்னிக்கு தியேட்டருக்குப் போனவன் இதுக்காகத்தான் போயிருப்பான்.

போரைப் பத்திப் படமே வரலையான்னா, வந்துச்சு. போருக்கு ஆதரவாப் படம் எடுங்கன்னு வெள்ளைக்கார அரசாங்கம் தயாரிப்பாளர்களை நெருக்கிட்டு இருந்த நேரம். 1945ல மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் பர்மா ராணி எடுத்தார். அதே வருஷம் கே. சுப்ரமணியம் மானசம்ரட்சணம் எடுத்தார். இதே சுப்ரமணியம்தான் 1939ல தியாகபூமி எடுத்து, வெள்ளைக்காரன் கையால தடை வாங்கினவர்ங்கறதையும் சேர்த்துப் படிச்சுக்கங்க. இந்த ரெண்டு படத்தோட பேரும் இன்னிக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? ஹரிதாஸ் பேரு எல்லாருக்கும் தெரியும்.

நாம் இருவர்: காரைக்குடியில முளைச்ச மெட்ராஸ்

அடுத்த வாரம் நாம் இருவர். 1947 பொங்கலுக்கு வந்த படம். ஏவிஎம் பேனர்ல வந்த முதல் பெரிய வெற்றி. ப. நீலகண்டனோட தியாக உள்ளம்ங்கற நாடகத்தைத்தான் படமா எடுத்தாங்க.

இதைப் பார்க்கறதுக்கு முன்னாடி ஒரு சின்னத் தகவல். இந்தப் படம் மெட்ராஸ்ல எடுத்தது இல்லை. போர்க் காலத்துல மெட்ராஸ்ல ஸ்டுடியோ போட இடமும் மின்சாரமும் குதிரைக் கொம்பு. மெய்யப்பச் செட்டியார் பார்த்தார், சொந்த ஊர்ப் பக்கமே போயிட்டார். காரைக்குடி பக்கத்துல தேவகோட்டை ரஸ்தாவுல ஒரு இடத்தைப் பிடிச்சு, கொட்டகை மாதிரி போட்டு, 1945 அக்டோபர்ல ஏவிஎம் ஸ்டுடியோவை ஆரம்பிச்சார். கோடம்பாக்கத்துக்கு வந்ததெல்லாம் அப்புறம். நாம இன்னிக்கு "கோடம்பாக்கம்"னு ஒரே வார்த்தையில சொல்ற உலகத்தோட ஒரு கால் அன்னிக்கு செட்டிநாட்டுல இருந்துச்சு.

படம் எப்படி? கதையை விடுங்க, குடும்பக் கதைதான். பாரதியார் பாட்டுக்களும் குமாரி கமலாவோட ஆட்டமும்தான் படம். சுதந்திரம் வர்றதுக்கு ஏழு மாசம் முன்னாடியே வந்துட்ட மாதிரி ஆடிப் பாடிட்டு இருக்காங்க. அந்தக் குட்டிப் பொண்ணு ஆடும்போது எனக்கே புல்லரிச்சது. 1947ல தியேட்டர்ல உக்காந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனா என்னைப் பிடிச்சு நிறுத்தினது வி.கே. ராமசாமி. அப்போ அவருக்கு 21 வயசு. படத்துல அறுபது வயசுப் பெரிசு. கள்ள மார்க்கெட் வியாபாரி! அப்பவே அந்தக் குரல், அந்த இழுவை. பொறக்கும்போதே கிழவனாப் பொறந்திருப்பார் போல. :-)

கள்ள மார்க்கெட்ங்கற வார்த்தை வந்ததும் தாத்தா டிவியைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். "இதுதாண்டா அன்னிக்கு எல்லாரும் பேசினது. மண்ணெண்ணெய், சர்க்கரை, துணி. காசு இருந்தாலும் கடையில கிடைக்காது. பின்வாசல்ல கிடைக்கும்." சொல்லிட்டு, "ஓட்டு ஓட்டு"ன்னுட்டார்.

ஹரிதாஸ்ல போர் சுத்தமா இல்லை. மூணு வருஷம் கழிச்சு நாம் இருவர்ல போர் முடிஞ்சு, அது விட்டுட்டுப் போன குப்பை மட்டும் கண்ணுக்குத் தெரியுது. பதுக்கல்காரன் வில்லன். குண்டு இன்னும் விழலை.

அதுக்கு இன்னும் ஏழு வருஷம் ஆகணும்.

அந்த நாள்: நம்ம தொழில்காரன் ஒருத்தன்

1954 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு ரிலீஸ். டைரக்டர் எஸ். பாலசந்தர். ஆமா, வீணை பாலசந்தரேதான். வசனம் ஜாவர் சீதாராமன். அவரே சி.ஐ.டி. ஆபீசராவும் வர்றார். பாட்டு கிடையாது. டான்ஸ் கிடையாது. தமிழ்ல பாட்டே இல்லாம வந்த முதல் படம். முதல் ரிலீஸ்ல சரியாப் போகலை. ஜனங்க பாட்டு எங்கேன்னு கேட்டாங்க. ஆனா தேசிய விருதுல தகுதிச் சான்றிதழ் வாங்குச்சு. இன்னிக்குத் தமிழ் சினிமா பத்தி யார் பட்டியல் போட்டாலும் இது அதுல இருக்கு.

படம் ஆரம்பிச்ச உடனே சிவாஜியைச் சுட்டுடறாங்க. ஹீரோ முதல் சீன்லயே காலி. 1954ல! அதுக்கப்புறம் ஆளாளுக்கு ஒரு கோணத்துல "இப்படித்தான் நடந்திருக்கும்"னு சொல்லிட்டுப் போறாங்க. குரோசாவாவோட ரோஷோமானைப் பார்த்துட்டு வந்த உந்துதல்ல பாலசந்தர் எடுத்தார்னு சொல்வாங்க. கொலையாளி யாருன்னு நான் சொல்ல மாட்டேன். எழுபது வருஷப் படமா இருந்தாலும் பாவம் பாவம்தான்.

ஆனா ஒரு விஷயத்தைச் சொல்லாம இதை எழுத முடியாது. அதனால பார்க்காதவங்க அடுத்த மூணு பாராவைத் தாண்டிக் குதிச்சிருங்க.

செத்துக் கிடக்கிற ராஜன் ஒரு ரேடியோ இன்ஜினியர். கெட்டிக்காரன். தன் திறமைக்கு இந்த ஊர்ல மரியாதை இல்லைங்கற கசப்பு அவனுக்கு. அந்தக் கசப்பு முத்தி, ஜப்பான்காரனுக்கு ரகசியம் அனுப்பற உளவாளி ஆயிடறான். வில்லன்னா மீசை, குடி, கன்னத்துல மரு எதுவும் இல்லை. நல்லாப் படிச்ச, நல்லாப் பேசற, நம்மள மாதிரி ஒருத்தன். சிவாஜி அந்த வயசுல, ஹீரோவா ஏறிட்டு இருக்கும்போது, இப்படி ஒரு வேஷத்துல நடிச்சிருக்கார். பண்டரிபாய் தேசபக்தி உள்ள மனைவி. ரெண்டு பேரும் மோதற இடம் இன்னிக்கும் சூடு குறையலை.

அப்ரைசல்ல மார்க் குறைஞ்ச அன்னிக்கு நாமெல்லாம் என்ன பேசுவோம்? "இந்த ஊர்ல இருந்து என்னத்தக் கிழிச்சோம், கிளம்பிடலாம்" இதானே? ராஜன் பேசறதுல பாதி எனக்குக் கேட்ட குரலா இருந்துச்சு. அதுதான் படத்துல எனக்குக் கிடைச்ச பயம். கசப்பு நியாயமா இருக்கலாம். அதை எங்க கொண்டு போய்க் கொட்டறோம்ங்கறதுதான் கேள்வி.

இன்னொண்ணு. 1954ல உக்காந்துட்டு ஜப்பான் உளவாளியைத் துரோகின்னு சொல்றது சுலபம். 1943ல அது அவ்வளவு கறுப்பு வெள்ளை இல்லை. அதே அக்டோபர் 21ம் தேதி சிங்கப்பூர்ல நேதாஜி, ஜப்பான் ஆதரவோட, சுதந்திர இந்திய அரசாங்கத்தை அறிவிச்சார். மலாயாத் தோட்டங்கள்லேர்ந்து எத்தனையோ தமிழங்க அவர் படையில சேர்ந்தாங்க. அதே மலாயாத் தமிழங்கதான் ஜப்பான்காரன் போட்ட சயாம் பர்மா ரயில் பாதையில கூலியாப் போய் ஆயிரக்கணக்குல செத்தாங்க. ஒரே ஜப்பான், ஒரே ஜனங்க, ரெண்டு கதை. படம் அந்த முடிச்சை அவிழ்க்கப் போகலை. அது ஒரு கொலைக்கதைக்குள்ள அடங்காதுதான்.

குதிச்சுப் போனவங்க இங்க வந்து சேர்ந்துக்கலாம்.

கதை நடக்கிற நாள் முக்கியம். 1943 அக்டோபர் 11 ராத்திரி மெட்ராஸ் மேல ஜப்பான் விமானம் குண்டு போடுது. மறுநாள் காலையில கொலை. இது கற்பனைன்னுதான் நான் நெனச்சேன். "ஜப்பான்காரன் மெட்ராஸ்ல குண்டு போட்டானா? ரீல் விடறாங்க தாத்தா"ன்னு சிரிச்சேன்.

தாத்தா சிரிக்கலை. "போட்டான். துறைமுகத்துப் பக்கம். ஜாஸ்தி சேதமில்லை. நாங்க அப்ப ஊர்ல இல்ல. அப்பா மட்டும்தான் இங்க இருந்தார்."

"இங்கன்னா?"

"இங்கதாண்டா. ஏழுகிணறுல."

காலியான ஊர்

நான் ரெண்டாயிரத்துப் பத்தொன்பதுல வேலைக்காக சென்னை வந்தவன். எங்க குடும்பம் கும்பகோணம் பக்கத்துக் கிராமம். சென்னையில யார் கேட்டாலும் "தஞ்சாவூர்ப் பக்கம்ங்க"ன்னுதான் சொல்வேன். எங்க தாத்தா அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவர் பொறந்தது ஏழுகிணறுல ஒரு ஒண்டுக்குடித்தனத்துலன்னு 28 வயசுல, ஒரு சிவாஜி படத்தைப் பாதியில நிறுத்தித் தெரிஞ்சுக்கிட்டேன்.

கொள்ளுத்தாத்தா கொடவுன் தெருவுல ஒரு துணி மண்டியில கணக்கு எழுதிட்டு இருந்தவர். தாத்தாவுக்கு அப்போ ஏழு வயசு. 1942 ஏப்ரல்.

அந்த ஏப்ரலைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும். பிப்ரவரி 15ல சிங்கப்பூர் விழுந்துச்சு. மார்ச்ல ரங்கூன். மார்ச் கடைசியில அந்தமான். ஏப்ரல் 5ல கொழும்பு மேல குண்டு. ஏப்ரல் 6ல விசாகப்பட்டினம், காக்கிநாடா. ஒவ்வொரு நாளும் வரைபடத்துல ஒரு விரல்கடை கிட்ட வந்துட்டே இருக்கு. அடுத்தது மெட்ராஸ்தான்னு சின்னப் பிள்ளையும் சொல்லும். அத்தியாவசிய வேலை இல்லாதவங்க ஊரை விட்டுப் போங்கன்னு அரசாங்கமே சொல்லிருச்சு. அலுவலகங்கள் உள் மாவட்டங்களுக்குப் பெட்டி கட்டுச்சு. சில நாள்ல ஊர் காலி. லட்சக்கணக்குல ஜனங்க கிளம்பிப் போனாங்க. வீட்டுச் சாமானெல்லாம் வந்த விலைக்கு.

அப்போ மிருகக்காட்சிசாலை சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல, மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்துச்சு. குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா சிங்கமும் புலியும் தெருவுல இறங்கிடும்னு, போலீஸ் படையை வரவழைச்சு அதுகளைச் சுட்டுத் தள்ளிட்டாங்க. வரவே வராத ஒரு எதிரிக்காக. இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குச் சரியாத் தூக்கமில்லை.

தாத்தாவுக்கு ஞாபகம் இருக்கறது கொஞ்சம்தான். எழும்பூர் ஸ்டேஷன்ல ஜன்னல் வழியா அவரை உள்ள தள்ளினாங்க. விழுப்புரம் வரைக்கும் ஒரு மூட்டை மேல நின்னுட்டே வந்தார். பித்தளைப் பாத்திரம் எல்லாம் வித்தாச்சு. கொள்ளுப்பாட்டி அம்மியை விட்டுட்டு அம்மிக் குழவியை மட்டும் துணியில சுத்தித் தூக்கிட்டு வந்தாங்களாம். குழவியைத் தனியா விட்டுட்டு வர்றது புள்ளையை விட்டுட்டு வர்ற மாதிரின்னு.

ஊர் வீட்டுக் கொல்லையில ஒரு அம்மி இருக்கு. அதோட குழவி அதுக்குப் பொருந்தாது, சின்னது. நான் சின்ன வயசுலேர்ந்து பார்த்துட்டு இருக்கேன். ஏன்னு ஒரு நாளும் கேட்டதில்லை.

கொள்ளுத்தாத்தா மட்டும் மெட்ராஸ்லயே தங்கிட்டார். மண்டியைப் பூட்டலை, சம்பளம் வேணுமே. மாசம் ரெண்டு கார்டு போடுவார். 1943 அக்டோபர்ல வந்த கார்டுலயும், எப்பவும் போல, "இங்கு சௌக்கியம், அங்கு சௌக்கியத்துக்கு எழுதவும்." குண்டு பத்தி ஒரு வார்த்தை இல்லை. சேதி ரொம்ப நாள் கழிச்சு வேற யாரோ சொல்லித்தான் வீட்டுக்குத் தெரிஞ்சிருக்கு. "எழுதினா போலீஸ் பிடிக்கும்னு பயமா, அம்மா அழுவாங்கன்னு நெனச்சாரா, அதை நான் கேக்கலை"ன்னார் தாத்தா.

போர் முடிஞ்சு பலர் திரும்பிப் போனாங்க. எங்க குடும்பம் போகலை. கொள்ளுத்தாத்தா உடம்பு முடியாம அவரே ஊருக்கு வந்துட்டார். தாத்தா கிராமத்துலயே படிச்சு, அங்கயே வாத்தியார் ஆனார். எங்கப்பா அங்க பொறந்தார். நானும் அங்க பொறந்தேன். அப்புறம் வாடகை கொடுத்துட்டு சென்னையில வந்து உக்காந்து, "நமக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்"னு அலுத்துக்கிட்டேன்.

எம்டன் மிஞ்சினான்

இதுல எனக்கு ஒரு ஆச்சரியம். மெட்ராஸ் மேல முதல் உலகப் போர்லயும் குண்டு விழுந்துச்சு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி. எம்டன்ங்கற ஜெர்மன் கப்பல் கடல்லேர்ந்து சுட்டு, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திட்டுப் போயிருச்சு. அப்பவும் ஜனங்க ஊரை விட்டு ஓடினாங்க. ஆனா அந்த ராத்திரி நம்ம பாஷையில தங்கிருச்சு. "அவன் சரியான எம்டன்டா"ன்னு இன்னிக்கும் சொல்றோம். 2006ல ஒரு படத்துக்கு எம்டன் மகன்னே பேர் வெச்சாங்க. வரிவிலக்குக்காகத்தான் அது எம் மகன் ஆச்சு.

1943க்கு அப்படி ஒரு வார்த்தை இல்லை. பாஷையில தங்காதது ஒரு படத்துல தங்கிருக்கு. பாட்டு இல்லைன்னு ஜனங்க ஒதுக்கின ஒரு படத்துல. பாலசந்தர் கொலைக்கதை சொல்லத்தான் வந்தார். அந்த ராத்திரி அதுல ஒரு பின்னணி. ஆனா அந்தப் பின்னணி இல்லைன்னா நான் "ரீல்"னு சிரிச்சிருக்க மாட்டேன், தாத்தாவும் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

1942 ஏப்ரல், அந்த ஊர் காலியான கதை, நான் பார்த்த மூணு படத்துலயும் இல்லை. ஏழு வயசுல பார்த்தவங்க தலையில மட்டும் இருக்கு. அவங்களுக்கு இன்னிக்கு 90 வயசு. பேக்கப் இல்லாத ஹார்ட் டிஸ்க் எவ்வளவு நாள் ஓடும்னு நமக்குத் தெரியாததா?

முதல்ல ஹரிதாஸைப் பார்த்துட்டு, "வெளிய இவ்வளவு நடக்குது, இவங்க பஜனை பாடிட்டு இருக்காங்களே"ன்னு கொஞ்சம் இளக்காரமாத்தான் நெனச்சேன். இப்போ அப்படித் தோணலை. அது கொள்ளுத்தாத்தாவோட கார்டு மாதிரி. இங்கு சௌக்கியம். நடந்துட்டு இருக்கும்போது பயத்தை யாரும் எழுதறதில்லை போல. எழுதறதுக்குப் பத்து வருஷம் ஆகுது, சில வீட்டுல எண்பது வருஷம் ஆகுது.

சரி, மார்க் போட்டுடறேன்.

ஹரிதாஸ்: பாட்டு பிடிக்கும்னா கண்ண மூடிட்டுப் பாக்கலாம். நெசமாவே கண்ண மூடிட்டு.

நாம் இருவர்: கமலாவுக்காகவும் 21 வயசுக் கிழவர் வி.கே.ஆருக்காகவும்.

அந்த நாள்: இன்னிக்கு ராத்திரியே. விளக்கை அணைச்சுட்டு. வீட்டுல பெரியவங்க இருந்தா பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு. நடுவுல அவங்க ஏதாவது பேசினா "ஷ்ஷ்"னு அடக்காதீங்க, படத்தை நிறுத்துங்க. படம் எங்கயும் ஓடிடாது.

அடுத்த ஞாயித்துக்கிழமை தாத்தாவை ஏழுகிணறுக்குக் கூட்டிட்டுப் போறேன். வீடெல்லாம் இருக்காதுன்னு அவருக்கும் தெரியும். "போயிட்டு அப்படியே பீச்சுக்குப் போலாமாடா?"ன்னு கேட்டார். போலாம் தாத்தான்னேன். "அப்பல்லாம் கடல் பக்கமே விட மாட்டாங்க. அந்தப் பக்கம் இருந்துதான் வருவான்னு சொல்வாங்க"ன்னுட்டு, பாதியில நின்ன படத்தைத் திரும்ப ஓட விடச் சொன்னார்.

பி.கு: குழவியை ஊர்லேர்ந்து கொண்டு வரச் சொல்லி அப்பாவுக்குப் போன் பண்ணிருக்கேன். "எதுக்குடா அது? மிக்ஸி ரிப்பேரா?"ன்னு கேக்கறார். இதைப் படிக்கக் கொடுக்கணும்.